மறுவிசாரணைக்கு வந்தவர்

செத்துப்போன மருதையைக் குளிப்பாட்ட அக்கம்பக்கத்தார் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது ஆபீஸ்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்து குடிசைக்குள் பார்த்தார். நல்ல நாள் பார்த்து வந்தார் மனுஷர்! வீடு நிறையப் பாத்திரம்.

அவன் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு மூலையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுகையே வரவில்லை. யார் வீட்டுச் சாவோ என்பதுபோல் மரத்துப்போயிருந்தது.

பாலக்கரையில் குடிசைகள் எரிந்து நாலு மாசம். பானைகூட மிஞ்சாதவர்களுக்குச் சர்க்காரில் பாத்திரமும் பாயும் போர்வையும் கொடுத்தார்கள். அப்போதும் பார்க்க வந்தவர் இவர்தான். "வந்தவருக்குக் கொட்டாங்குச்சியிலயா தண்ணி குடுக்கிறது?" என்று மருதை அடுத்த தெரு நசீராவிடம் ஓடிப்போய்ப் பித்தளைச் சொம்பு இரவல் வாங்கி வந்தான். பெரிய ராஜ உபசாரம்! ஐயா மடமடவென்று குடித்துவிட்டுப் போய், 'பித்தளைப் பாத்திரம் உள்ளது. உதவி தேவையில்லை' என்று எழுதிவிட்டார்.

மருதை மறுமனுப் போட்டான். நெஞ்சுவலியோடு ஏழு தடவை நடந்தான். "குடுக்காட்டிப் போகட்டும் புள்ள. இரவல்னு சொன்னா, பொய் சொல்றேங்கிறாங்களே" என்பான். அதுதான் அவனை அரித்தது.

"மருதைங்கிறது?" என்றார் ஆபீஸ்காரர், காகிதத்தைப் பிரித்தபடி.

வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்த அவன் தம்பி ஆண்டி நிமிர்ந்தான். "உள்ள கிடக்கிறவருதாங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். கண் மட்டும் அண்டா, குடம், குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாய்ப் போனது.

"இதெல்லாம்..."

வள்ளிக்கண்ணு எழுந்து வந்தாள். "அண்டா ரோசம்மா அக்காவோடது. குடம் நசீராவோடது. விளக்கு சின்னையன் வீட்டுது. சாவு வீட்டுக்குன்னு குடுத்தாங்க. சாயங்காலம் எடுத்துக்குவாங்க."

"உங்களோடது எதும்மா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். கொள்ளி வைக்கும்போது உடைக்க, காலையில் ஆண்டி வாங்கி வந்த புது மண்பானை வாசலில் இருந்தது.

"அதுதாங்க. தீப்பிடிச்சதுக்கப்புறம் இந்த வீட்டுக்குன்னு வாங்குனது அது ஒண்ணுதான். எழுதிக்கங்க. அவரு பொய் சொல்லலைன்னும் எழுதிக்கங்க."

அவர் பேனாவைத் திறந்தார்.

குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியதும் சங்கு முழங்கியது. மருதையைத் தூக்கினார்கள். ஆண்டி குனிந்து, பானையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.