மஹ்மூதுக்குப் போகாத செய்தி

சஃபா கெட்டிக்காரிதான், சும்மா சொல்லக்கூடாது. ராமநாதபுரத்தில் கல்லூரி முடித்துவிட்டு, மண்டபத்தில் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். ஜமாத்துக்கு ஒரு இணையதளம் வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் செய்து கொடுத்தாள். யாராவது மவுத்தானால் ஜமாத் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பாக்கர் அந்தக் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்து விவரத்தைச் சேர்ப்பார். சேமித்ததும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்தி போய்விடும். மகன் "வாரேன், வைங்க" என்று ஒரு சொல் சொன்னால் இறந்தவரின் மய்யித்து அவனுக்காகக் காத்திருக்கும். பதில் இல்லையென்றால் அடக்கிவிடுவார்கள்.

அதில் ஒரு சிக்கல். செய்தி போக வேண்டிய போன் எண்களைத் திரையில் காட்டுகிற பகுதிக்கு, எந்தக் குடும்பத்தின் பக்கம் திறந்திருக்கிறது என்று தானாகத் தெரியாது. தெரியவைக்க முறையான வழி உண்டு, கொஞ்சம் சுற்று. சஃபாவுக்கு அன்றைக்கு அவசரம். யார் எதைத் திறந்தாலும் அந்தக் குடும்பத்தின் பெயர் ஒரு பொது இடத்தில் பதியட்டும், அதைப் பார்த்து எண்கள் வரட்டும் என்று விட்டுவிட்டாள். பள்ளிவாசல் வாசலில் தொங்கும் ஒரே கரும்பலகை மாதிரிதான். ஒருவர் மட்டும் எழுதும்வரை அதில் என்ன குறை? பெயர்களும் போட்டால் திரை நீளுது என்று பாக்கர் முணுமுணுத்ததால் எண்களை மட்டும் வைத்தாள். அந்த நோகாத வேலைதான் கழுத்தை அறுத்தது.

போன மாதம் ஒரே காலையில் இரண்டு மவுத். பாக்கர், இறந்துபோன தாஜுன்னிசாவின் பக்கத்தைத் திறந்து எண்கள் வருவதற்குள், ஜமாத் செயலாளர் முஹைதீன் தன் வீட்டிலிருந்து இன்னொரு குடும்பத்தின் பக்கத்தைத் திறந்தார். பொது இடத்தில் பின்னது முன்னதை அழித்துவிட்டது. பாக்கரின் திரையில் மேலே தாஜுன்னிசாவின் பெயர், கீழே அடுத்த குடும்பத்து எண்கள். மனுசன் எண்களையா படித்துக்கொண்டிருப்பார்? சேமித்துவிட்டார்.

தாஜுன்னிசாவின் செய்தி, அன்று தகப்பனை இழந்த அந்த இன்னொரு குடும்பத்து மகன், தோஹாவில் இருந்த ஹசன் அலிக்குப் போனது. பக்கத்துத் தெரு மவுத்தையும் சொல்கிறார்கள்போல என்று நினைத்து, அவன் தன் வாப்பாவுக்காக அழப் போய்விட்டான். ஷார்ஜாவில் இருந்த தாஜுன்னிசாவின் இளைய மகன் மஹ்மூதுக்கு ஒன்றும் போகவில்லை.

மூத்த மகன் காஜா நவாஸ் மாலை அசர் தொழுகை வரை பொறுத்தார். வீட்டைப் பிரித்ததிலிருந்து தம்பியோடு பேச்சு இல்லை.

"ஒரு போனும் போட்டுருங்களேன், காக்கா" என்றார் பாக்கர்.

"ஜமாத்துலருந்து செய்தி போயிருச்சுல்ல? பெத்த உம்மா மவுத்துக்கு வர அவனுக்கு வெத்தல பாக்கு வைக்கணுமாக்கும்?"

அசர் முடிந்ததும் அடக்கிவிட்டார்கள். அந்த வீம்பு இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மஹ்மூது மறுநாள் வந்தான், கூட்டாளி ஒருவன் போட்ட இரங்கலைப் பார்த்துவிட்டு. மையவாடியில் உம்மாவை அடக்கிய ஈரம் காயாத மண்ணருகே நின்றுகொண்டு, அண்ணனிடம், "உம்மாவுக்கு மூணு பிடி மண்ணுகூட போட விடலையே காக்கா" என்றான்.

"பொய் பேசாதலே. செய்தி பார்த்துட்டுத்தான் கம்முனு இருந்த."

இதைக் கேள்விப்பட்டதும் சஃபா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தான் எழுதியதைத் திறந்து பார்த்தாள். தப்பு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அவரவர் திறக்கும் பக்கம் அவரவரோடு இருக்கும்படி மாற்ற நாலைந்து வரிகள் போதுமாக இருந்தன. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? சொல்லாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பொய்யன் என்று நினைத்தபடியே பிரிந்துவிடுவார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

"தப்பு என்மேல, மாமா" என்று ஆரம்பித்து, கரும்பலகைக் கணக்காகவே விளக்கினாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். "மஹ்மூது மாமாவுக்குச் செய்தியே போகல."

மஹ்மூது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காஜா நவாஸ் தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். திரையில் 'தம்பி' என்று இருந்தது.

"உன் கம்ப்யூட்டருக்குத்தான் ஆள் தெரியல, மகளே. எனக்குத் தெரியுமே" என்றார்.

போனைத் திரும்ப வாங்கி அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தார். எதிர் நாற்காலியில் மஹ்மூதின் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.