வயிற்றடியில் ஒரு கை

எனக்குத் தெரியாமல் உத்தர வீதியில் ஒரு நாய்கூட முடி வெட்டிக்கொள்ள முடியாது. என் சமையலறை ஜன்னலுக்கு நேரே ஹம்ஸா மாமியின் வாஷிங் மெஷின். அதன்மேல் நிற்கவைத்துத்தான் மாதம் ஒரு ஞாயிறு பொமரேனியன் சிண்டுவுக்கு முடி வெட்டுவார்கள்.

வெட்டுவது மாமி, பிடிப்பது ராஜகோபாலன் மாமா. பெருமாள் புறப்பாட்டு மேளம் வாசலில் கேட்டாலும் மாமா அதன் வயிற்றடியிலிருந்து கையை எடுக்கமாட்டார். "என் பங்குக்கும் சேவிச்சுட்டு வா" என்று மாமியை அனுப்பிவிடுவார். நாய்க்காகப் பெருமாளையே விட்ட மனுஷர் என்று நானே நாலு வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

மாமா போய் ஒரு வருஷம் கழித்து, இந்த ஞாயிறுதான் மாமி மறுபடி கத்தரியை எடுத்தார். மேளம் கேட்டது. பழைய பழக்கத்தில் கத்தரியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். சிண்டுவும் பின்னாலேயே தாவ விளிம்புக்கு வந்துவிட்டது. அங்கிருந்து விழுந்தால் அந்தக் குச்சிக்கால் முறியாமல் என்ன செய்யும்?

"மாமி, சிண்டுவைப் பிடிக்க ஆளில்லே" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

திரும்பி ஓடிவந்து வயிற்றடியில் கை கொடுத்தார்.

"நீங்க போங்கோ" என்றார். "என் பங்குக்கும் சேவிச்சுட்டு வாங்கோ."

போனேன். மாமா பங்கையும் சேர்த்துச் சேவித்ததில் கொஞ்சம் நேரமாகிவிட்டது.