கோமதி பேசணும் என்றாள்

தென்காசி ஆவுடையப்பன் பொய் சொல்கிறவர் அல்ல. நடந்ததைக் கொஞ்சம் நீளமாகச் சொல்வார், அவ்வளவுதான். குற்றாலத்தில் ஒருமுறை அருவி கீழிருந்து மேலே போனதையும், அன்று குளிக்கப் போனவர்கள் மலையுச்சியில் துண்டு தேடி அலைந்ததையும் அவர் வாயால் கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு கோடு அசையாது. கேட்கிறவர் கண்ணைப் பார்த்தே சொல்வார். உண்மையைச் சொல்ல நேர்ந்தால்தான் கூச்சம் வந்து தரையைப் பார்ப்பார். இந்த ரகசியம் மனைவி கோமதிக்கும் மகள் யசோதாவுக்கும் மட்டுமே தெரியும்.

கோமதி இப்போது இல்லை. விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்த கொரோனா வருஷத்தில் போய்விட்டாள். கண்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த யசோதாவால் வர முடியவில்லை. அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் மேல் நடந்து வர அவரைப் போல் பழக்கம் வேண்டும்.

மனதில் நெருடியது வேறு. போவதற்கு முந்தின நாள் கோமதி கண்டிக்கு ஃபோன் செய்து, யசோதாவிடம் பேச வேண்டும் என்று சொல்லிவைத்தாள். "குளிச்சுட்டு அவளே கூப்பிடுவா, நீங்க திரும்ப அடிக்காதீங்க" என்று அவரையும் தடுத்துவிட்டாள். யசோதா கூப்பிடவில்லை. கோமதி விடியும்வரை ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அடிச்சாளா? நான் கண்ணசந்துட்டனா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

ஏன் கூப்பிடவில்லை? இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஆவுடையப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறினார்.

மகள் ஊர் சுற்றிக் காட்டினாள். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் கேட்கலாம் என்று நினைத்தார், கூட்டமாக இருந்தது. வாவிக்கரையில் வாயைத் திறந்தார். வெளியே வந்ததோ, தென்காசிக் குளத்து விரால்மீன் ஒன்று பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போன கதை. பெரிய புத்தர் சிலைக்கு ஏறும்போது மூச்சே வரவில்லை, கேள்வி எங்கே வரும்?

பேராதனைப் பூங்காவுக்கு யசோதாவின் நாத்தனார் அனுஷியாவும் கூட வந்தாள். அவர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பும் ஒரே ஜீவன் அவள்.

"மாமா, மேல பாருங்க, எவ்வளவு வௌவால்! உங்க ஊர்ல இருக்கா?"

"இருக்காவா? எங்க கோபுரத்துல ஒரு வௌவால் பேப்பர் வாசிக்கும். தலைகீழாத் தொங்குதில்ல, பேப்பரையும் தலைகீழாப் பிடிக்கணும். ஒருநாள் நான் மறந்துபோய் நேராப் பிடிச்சுட்டேன்..."

"மெய்யாவா?"

"நம்பாத அனு" என்றாள் யசோதா.

மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டுகளைத் தின்றார்கள். மகளிடம் கேட்க முடியாததை மருமகனிடமாவது கேட்போம் என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

"அனுஷியா, வீட்டுக்குப் போனதும் உங்க அண்ணன் மோகனராஜுகிட்டக் கொஞ்சம் பேசணும்மா."

அனுஷியாவின் கை வாய்க்கு நேரே நின்றது. "அண்ணன் என்ன பிழை செஞ்சாரு மாமா? அவருக்கு ஏன் பேசணும்?"

"என் மருமகன்கிட்ட நான் பேசக் கூடாதா?"

"பேசுங்க மாமா, பெரியவங்க. பிள்ளைங்க முன்னுக்கு மட்டும் வேணாம்."

யசோதா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பா, இங்க பேசுறதுன்னா திட்டுறது. சும்மா பேசுறதுக்குக் கதைக்கிறதுன்னு சொல்லணும். நான் வந்த புதுசுல மாமியார்கிட்ட, 'உங்ககூட நிறையப் பேசணும்'னு சொல்லிட்டேன். பாவம், ரெண்டு நாள் என் பக்கமே வரல."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடத்தில் சிரிக்காமலிருப்பது அவர் வழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

"அன்னைக்குக் கோமதி கூப்பிட்டப்போ ஃபோனை எடுத்தது யாரு?"

சிரிப்பு நின்றது.

"நான்தான் மாமா. அண்ணி குளிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"அவ என்ன சொன்னா?"

"யசோதாகிட்டப் பேசணும்னு சொன்னாங்க."

"நீ உங்க அண்ணிகிட்ட என்ன சொன்ன?"

"அம்மா உங்களுக்குப் பேசணுமாம்னு..." அனுஷியாவின் குரல் பாதியில் தேய்ந்தது.

கோமதியின் 'கிட்ட' கடலைத் தாண்டிப் பத்திரமாக வந்து சேர்ந்து, ஒரு கூடத்தைக் கடப்பதற்குள் 'உங்களுக்கு' ஆகி, பேச்சு திட்டாகிவிட்டது. அனுஷியா எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தன் தமிழில் சொன்னாள். யசோதாவும் அதற்குள் அந்தத் தமிழுக்குக் குடிவந்துவிட்டிருந்தாள்.

"அதுக்கு முந்துன வாரம்தான் சண்டைப்பா" என்றாள் யசோதா. "'மனசிருந்தா நீ வந்திருப்பே'ன்னு அம்மா சொன்னா. திட்டத்தான் கூப்பிடுறான்னு நெனச்சேன். கோபம் ஆறட்டும், காலைல கூப்பிடலாம்னு..."

காலையில் தென்காசியிலிருந்து அவர்தான் அழைத்தார்.

"அம்மா என்னைத் திட்டணும்னு நெனச்சுக்கிட்டே போயிட்டான்னு இத்தனை வருஷமா இருந்தேன்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ, அம்மா எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாளா?"

ஆவுடையப்பன் பழக்கதோஷத்தில் மகளின் கண்ணைப் பார்த்தார்.

"என்னப் பார்க்காதீங்க. தரையப் பார்த்துச் சொல்லுங்கப்பா."

அவர் தரையைப் பார்த்தார். வௌவால் கடித்துப் போட்ட பழம் ஒன்று கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. கோமதியின் குறட்டை, பக்கத்து வீட்டு நாய், அது பயந்து ஓடியது என்று நாக்கில் வந்து வரிசையாக நின்றவற்றையெல்லாம் விழுங்கினார்.

"இல்லம்மா. ஃபோனை வச்சதும் தூங்கிட்டா."

இவ்வளவு சின்னதாக அவர் எதையும் சொன்னதில்லை. குனிந்த அந்தத் தலையை யசோதா வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக மூச்சு விட்டாள்.

அனுஷியா தேம்பிக்கொண்டிருந்தாள். "எனக்குப் பேசுங்க மாமா. நல்லாப் பேசுங்க."

"அழாத தாயி. நீ சரியாத்தான் சொன்ன. உனக்கு நான் பேச மாட்டேன், கதைக்கிறேன்." அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்த்தார். "பேப்பரை நேராப் பிடிச்சேனா? அந்த வௌவாலுக்குக் கோபம் வந்திருச்சு..."

யசோதா மட்டும், அவர் சற்றுமுன் பார்த்த அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.