பன்னிரண்டு மாத்திரைகளின் இருமல்

அந்த ஊரில் விழுங்கப்படாத மாத்திரைகள் காலையிலும் இரவிலும் சரியாக எட்டு மணிக்கு இருமின. எந்த மாத்திரை யார் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டுமோ, அந்த ஆளின் குரலில் இருமும். ஆள் செத்துப்போயிருந்தாலும் அதே எட்டு மணிதான். முதலில் எல்லோரும் மிரண்டார்கள். பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டப் பழகிக்கொண்டார்கள். சனியன் ஒழியட்டும் என்று சிலர் சாக்கடையில் கொட்ட, சாக்கடை மூன்று மாதம் இருமியது. அதில் வாய் வைத்த நாய்கள் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் தர்ம ஆஸ்பத்திரி டாக்டரம்மா, வீடு வீடாகப் போய் மிச்ச மருந்தை வாங்கிவர, பூட்டுப் போட்ட பெட்டியோடு ஒரு விதவையை வேலைக்கு வைத்தார். பெட்டிக்காரம்மா என்பதே அவள் பெயராகிவிட்டது.

உறை பிரியாத, தேதி தாண்டாத அட்டைகள் டாக்டரம்மா மேசைக்குப் போகும்; அவர் சரிபார்த்து, வாங்க வழியில்லாத நோயாளிக்குக் கொடுப்பார். மற்றதெல்லாம் மருந்தெரிக்கும் உலைக்கு. இன்னொருவர் தொண்டையில் இறங்கினாலும் சரி, உலையில் வெந்தாலும் சரி, மாத்திரை அதோடு வாயை மூடிக்கொள்ளும். "அவர் ஞாபகமா இருக்கட்டுமேக்கா" என்று மூக்கைச் சிந்தும் பெண்களிடம், "ஞாபகத்த போட்டோவுல வச்சுக்கோ, மருந்த இதுல போடு" என்பாள் பெட்டிக்காரம்மா. அப்படிப்பட்டவள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் பன்னிரண்டு மாத்திரை உள்ள அட்டை ஒன்று இருந்தது. நெஞ்சு நோயில் போன அவள் புருஷனுடையது. காலை எட்டு மணிக்கு அவன் டப்பாவுக்குள் இருமுவான். "எந்திரிச்சிட்டேங்க, சும்மா கத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவளுக்கு அது தப்பென்று தெரியாதா? நன்றாகத் தெரியும். மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷ மழையில் பாலம் இடிந்து மருந்து வண்டி நின்றுபோனது. அடுத்த தெருத் தையல்காரருக்கும் அதே நெஞ்சு நோய். வாயில் எப்போதும் குண்டூசி கவ்வியிருந்த பழக்கத்தால், படுத்த படுக்கையிலும் உதட்டைத் திறக்காமலே இருமுகிற மனிதர். "அதே மாத்திரைதான் வேணும். ஒரு நாளைக்கு ரெண்டு, ஆறு நாள் தாங்கினா வண்டி வந்துரும். எங்கயாவது இருக்கா பாரும்மா" என்றார் டாக்டரம்மா. பெட்டிக்காரம்மா நிஜமாகவே அலைந்தாள். தன் வீட்டைத் தவிர ஒரு வீடு பாக்கியில்லை.

"கிடைச்சுதாக்கா?" என்று தையல்காரர் மனைவி வாசலிலேயே நின்று கேட்டாள்.

"இல்லம்மா."

முதல் நாள் அதைச் சொல்ல நாக்கு கூசியது. மறுநாள் அவ்வளவாகக் கூசவில்லை. நான்காம் நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அட்டையை எடுத்து வாசல் வரை வந்துவிட்டாள். அப்போது பார்த்து மணி எட்டாகி, உள்ளங்கையில் அவன் இருமினான். திரும்பிப் போய் டப்பாவை மூடினாள், பாவி. ஐந்தாம் நாள் தையல்காரர் போய்ச் சேர்ந்தார். ஏழாம் நாள் வண்டி வந்தது. அந்த மாதக் கடைசியோடு அட்டையின் தேதியும் முடிந்தது.

ஆனால் அதற்கு முன்பே, தையல்காரர் போன மறுநாள் காலை எட்டு மணிக்கு, சர்க்கரை டப்பாவுக்குள் யாரோ உதட்டைத் திறக்காமல் இருமினார்கள். டப்பாவைக் குலுக்கினாள், காதில் வைத்துப் பார்த்தாள், புருஷனைக் கெஞ்சினாள், திட்டினாள். அவன் வரவே இல்லை. பன்னிரண்டும் தையல்காரராகவே இருமின. அட்டையை உலை வரை கொண்டுபோன நாளும் உண்டு. இல்லை இல்லை என்று சொல்லியே சாகவிட்ட மனிதரை இன்னொரு தடவை வாயடைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை, திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் பெட்டியைச் சுமந்தாள். ஞாபகத்தைப் பற்றி யாருக்கும் புத்தி சொல்லவில்லை; வாங்கியதைப் பேசாமல் போட்டுக்கொண்டாள். காலை எட்டு மணிக்கு டப்பா இருமும். "எந்திரிச்சிட்டேண்ணே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவாள்.