ராஜாங்கம் சாருக்கு உதவி

ராஜாங்கம் சார் கரும்பலகையை விட்டுத் திரும்பவே இல்லை. களிமண்ணைச் சுடும்போது அதற்குள் என்னென்ன மாறுகிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் இருந்தபடியே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனார். பலகை நிரம்பியதும் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். வாயைத் திறக்கவில்லை. வகுப்பைக் கவனிக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆங்கில ஆசிரியை பூங்கோதைக்கு, எழுந்து போய் அந்தச் சாக்பீஸைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது. முன்வரிசையில் தான்சானியாவிலிருந்து வந்திருந்த பையன்கள் தங்கள் மொழியில் ஏதோ கிசுகிசுத்தார்கள். ஒருவன் சிரித்தான். சாரின் பிடரி இறுகியது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவர் கை பலகைமேல் எழுதாமல் நின்றது.

பீங்கானில் பொம்மையும் பியூஸ் கேரியரும் செய்கிற ஊர் என்பதால் விருத்தாசலத்தில் தொடங்கப்பட்ட தனியார் கல்லூரி அது. பீங்கான் படிப்புக்கு உள்ளூரில் ஆள் குறைந்துகொண்டே வர, நிர்வாகம் யார் யாரையோ பிடித்து வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டுவந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அவர்கள் வந்து இறங்கியபோது ரயிலடியில் மேளம்கூட வைத்தார்கள். அவர்களுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்களைப் பற்றித்தான் யாருக்கும் நினைப்பு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, எதுவும் புரியவில்லை என்று ஹாஸ்டலில் முணுமுணுப்பு கிளம்பிய பிறகு, பிரின்சிபால் பாலகிருஷ்ணன் ஆங்கிலத் துறையிலிருந்த பூங்கோதையைக் கூப்பிட்டார். “நம்ம ஸ்டாஃபுக்குக் கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்க மேடம். நீங்க இங்கிலீஷ் ஆளுதானே” என்றார்.

அவளுடைய வகுப்புகளில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. வாரத்தில் ஒருநாள் ஆசிரியர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் கேட்டாள். “டைம்டேபிள்ல எடம் இல்லீங்க மேடம், அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்றார் பிரின்சிபால். அடுத்துக் கேட்டதற்கும் அதே அட்ஜஸ்ட்தான். ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். வகுப்பில் சிரித்த முகமாக இருப்பது எப்படி என்று காலை முழுக்கப் பேசினார். பாதியில் கரண்ட் போனது. பிரியாணி சாப்பிட்டுவிட்டு, எல்லாரோடும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் போட்டோ மட்டும் ஆபீஸ் ரூமில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது.

தமிழில் பாடம் நடத்தும்போது ராஜாங்கம் சார் வேறு மனுஷர். போன வருஷம்வரை அவர் குரல் வராண்டா தாண்டிக் கேட்கும். பாத்திரத்தின் மேல்பூச்சு ஏன் சுருங்குகிறது என்பதைக் காய்ச்சிய பாலின் ஆடையை வைத்துச் சொல்வார். பெஞ்சைத் தட்டுவார். தப்பாகச் சொன்னவனையும் சிரிக்கவைத்து உட்காரவைப்பார். இப்போது தமிழ் பேசக்கூடாது என்று உத்தரவு. பக்கத்து மங்கலம்பேட்டையிலிருந்தும் நல்லூரிலிருந்தும் வருகிற பிள்ளைகளும் சேர்ந்துதான் அந்த ஊமை வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருநாள் யூசுப் என்கிற பையன் வராண்டாவில் அவளை நிறுத்தினான். அந்தப் பையன்களில் அவனுக்குத்தான் ஆங்கிலம் நன்றாக வரும்.

“சாருக்கு எங்களைப் பிடிக்கவில்லையா, மேடம்? எங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை” என்று கேட்டான்.

“அப்படியெல்லாம் இல்லை. நீங்கள் ஏன் வகுப்பில் சிரிக்கிறீர்கள்?”

அவன் வெட்கப்பட்டான். பலகையில் இருப்பதைத் தான்தான் மற்றவர்களுக்குத் தங்கள் சுவாஹிலி மொழியில் சொல்வதாகவும், தான் உளறுவதைக் கேட்டுத்தான் அவர்கள் சிரிக்கிறார்கள் என்றும் சொன்னான்.

பூங்கோதைக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கே டீ நேரத்தில் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இத்தினி வருஷமா கிளாஸ் எடுக்குறேன் மேடம். எந்தச் சிரிப்பு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க.”

“நெசமாத்தான் சார் சொல்றேன்.”

“வுடுங்க” என்று எழுந்து போய்விட்டார்.

அவள் விடவில்லை. மறுநாள் பிரின்சிபாலிடம் போனாள். சார் தமிழிலேயே நடத்தட்டும், பக்கத்தில் நின்று நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன், கொஞ்ச நாளில் அவரே பழகிவிடுவார், அதற்கு என் வகுப்பு ஒன்றை மட்டும் மாற்றிக்கொடுங்கள் என்றாள். பிரின்சிபால் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் அவள் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள். “அவரு பயப்படுறாரு சார். அந்தப் பயத்த மட்டும் போக்கிட்டா போதும்.”

திங்கட்கிழமை புது டைம்டேபிள் ஒட்டியிருந்தது. சாரின் வகுப்புகள் எல்லாம் சென்னையிலிருந்து புதிதாக வந்த ஓர் இளைஞனுக்குப் போயிருந்தன. சாருக்குச் சூளைக் கொட்டகைப் பொறுப்பு. பிரின்சிபால் அறைக்குப் படியேறிய வேகத்தில் பூங்கோதைக்கு மூச்சு வாங்கியது.

“நான் கேட்டது இது இல்லியே சார்!”

“ஏன் டென்ஷன் ஆவுறீங்க மேடம்? நீங்கதானே சொன்னீங்க, பயப்படுறாருன்னு? அவருக்கும் நிம்மதி, பசங்களுக்கும் நிம்மதி. மேனேஜ்மெண்ட்ல உங்களப் பாராட்டுனாங்க தெரியுமா?”

“அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேக்குறதுக்கு என்னா இருக்குது?” என்று அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சூளைக் கொட்டகை கல்லூரிக்குப் பின்னால், வேலிக் கருவை முட்புதர் மண்டிய ஓரத்தில் இருந்தது. ராஜாங்கம் சார் சுட்டெடுத்த கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். அவரை அப்படி அவள் பார்த்ததில்லை.

“சார், நான் உங்களுக்கு ஒதவி வேணும்னுதான் கேட்டேன். இப்படிப் பண்ணுவாங்கன்னு தெரியாது.”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

“ஒதவி வேணும்னு நான் கேட்டனா மேடம்?”

துடைத்த கோப்பையை அடுக்கில் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“நீங்க கெட்ட எண்ணத்துல செய்யல. அது எனக்குத் தெரியும். ஆனா என்னப் பத்தி நீங்களும் பிரின்சிபாலும் உக்காந்து பேசுறீங்க. நான் அங்க இல்ல. பயப்படுறேன்னு சொன்னீங்களாம், அத நான் ஒங்ககிட்ட சொன்னனா?” கோப்பை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “போயிட்டு வாங்க. ஒங்களுக்குக் கிளாஸ் இருக்கும்.”

அன்று வீட்டுக்குப் போகும்போது கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. பிரின்சிபால்மேல் வந்த கோபம் சார்மேல் போனது. நெசமாகவே பயந்தவர்தானே, ஒத்துக்கொண்டால் என்ன? அங்கிருந்து அது அவளிடமே திரும்பி வந்தது.

புது ஆசிரியரின் ஆங்கிலம் மழைபோலக் கொட்டியது. திரைபோட்டுப் படம் காட்டினார். எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். வகுப்பில் கிசுகிசுப்பு அடியோடு நின்றுவிட்டது. யூசுப்பாலேயே அவரைத் தொடர முடியவில்லை, அப்புறம் யாருக்கு எதைச் சொல்வது? வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று பிரின்சிபால் மீட்டிங்கில் சொன்னார். பூங்கோதை எழுந்து அது புரிந்த அமைதி இல்லை என்றாள். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு யூசுப் இன்னும் இரண்டு பேரோடு அவளைத் தேடி வந்தான். எழுதிப்போட்ட சார் எங்கே என்று கேட்டான். அவர் எழுதியதையாவது வைத்துப் படித்தோம், இப்போது அதுவும் இல்லை என்றான். வகுப்பு நேரத்தில் கொட்டகைக்கு மாணவர்கள் போகக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போனாள்.

ராஜாங்கம் சார் அவர்களைப் பார்த்ததும் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே இருந்தார். யூசுப் தயங்கி நின்றவன், கழித்துப்போட்ட குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, உப்பிப்போன கோப்பை ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

“வொய் சார்?”

தண்ணீர் நின்றது. சார் வந்து அந்தக் கோப்பையை அவன் கையிலிருந்து வாங்கினார். அவருடைய உதடு ஆங்கிலத்துக்காக இரண்டுமுறை அசைந்து நின்றது. பிறகு தமிழிலேயே, பழைய குரலில், “அவசரப்பட்டுச் சூடு ஏத்திட்டான்டா” என்றார்.

பூங்கோதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். சார் அவள் பக்கம் திரும்பாமலேயே ஈரக் கையை உயர்த்தி நிறுத்தினார்.

அவள் வாசலிலேயே, வெயிலில், நின்றுவிட்டாள். அவர் கோப்பையைச் சூளையின் விளிம்பில் ஒரே தட்டாகத் தட்டி உடைத்தார். உடைந்த துண்டை யூசுப்பின் மூக்குக்கு நேராகப் பிடித்தார். மற்ற இரண்டு பேரும் நெருங்கி வந்தார்கள். இரண்டு பக்கமும் வெளுத்திருந்த மண்ணின் நடுவே ஒரு கோடு மட்டும் வேகாமல் கருப்பாக ஓடியது. அவருடைய நகம் அந்தக் கோட்டின்மேல் மெதுவாகப் போக, மூன்று தலைகளும் அதோடு சேர்ந்து நகர்ந்தன.