செருப்பில் விழுந்த காசு

பன்றிக்கறி பன் வாங்க நின்ற வரிசையில் தனக்கு முன்னால் இத்தனை முதுகுகள் இருப்பதைப் பாலெபோயால் நம்ப முடியவில்லை. சமோவாவில், சவாயீ தீவில், ஒரு கிராமம் முழுவதற்காகவும் பேசும் தலைவர் அவர். அவர் தட்டைத் தொட்ட பிறகுதான் அங்கே மற்றவர்களுக்குப் பசிக்கும். ஆக்லாந்தின் ஓட்டாராச் சந்தையிலோ எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. நேராகக் கடைக்காரியிடம் போய்த் தன் தலைவர் பட்டத்தைச் சொன்னார்.

"வரிசைல வாங்க தலைவரே," என்றாள் சியெனி, எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு முன்னாடி நிக்கிறதுல ரெண்டு பேரு தலைவருங்கதான்."

வரிசையிலிருந்து இரண்டு பேர் பணிவாகத் தலையசைத்தார்கள். ஒருவர் கோழி ஆலையின் ரப்பர் காலணியோடு நின்றார்.

இந்த ஊரில் நடந்துகொண்டே தின்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர் முன்னால் போகும்போது முதுகை வளைத்து "துலோ" என்று மன்னிப்புக் கேட்க ஆளில்லை; எல்லாரும் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நடக்கிறார்கள். வந்த நாளாக அவர் மகன் பிலெமோனியிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்ல வந்தது வேறு. பட்டத்தை ஏற்க அவன் ஊருக்குத் திரும்ப வேண்டும்; சீக்கிரம் திரும்ப வேண்டும். தலைநகர் ஆப்பியாவில் மருத்துவர் சொன்னதை மட்டும் அவனிடம் சொல்வதாக இல்லை. இரக்கத்தைக் கேட்டு வாங்குவது பேச்சாளனுக்கு அழகல்ல.

பிலெமோனி இரவெல்லாம் கோழி ஆலையில், பகலெல்லாம் தூக்கத்தில். அவனை முறைப்படி அழைத்துப் பேச சனிக்கிழமைச் சந்தைதான் வாய்த்தது. ஒருவன் கிதார் வாசித்துக்கொண்டிருந்த மூலையில் கொஞ்சம் இடமிருந்தது. பாலெபோய் செருப்பைக் கழற்றித் தார்த்தரையில் வெறுங்காலோடு நின்று, கோலை ஊன்றினார். பேச்சாளனின் அடையாளமான நார்க்குஞ்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி பூச்சி இருக்கிறதா என்று துருவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த அதே குஞ்சம்.

"அப்பா, இங்கயா?" என்றான் பன்களை வாங்கிக்கொண்டு வந்த பிலெமோனி.

அங்கேதான். முதலில் கடவுளுக்கு வணக்கம், பிறகு வம்சம், பிறகு கடல் கடந்த முன்னோர். குரல் தக்காளிக் கடைவரை போயிற்று. முன்னோர் இன்னும் கரையேறவில்லை, அதற்குள் தொப்பி போட்ட ஒரு பெண்மணி அவர் செருப்பில் ஒரு நாணயத்தைப் போட்டாள்.

பாலெபோய்க்கு நெஞ்சு நிறைந்தது. நல்ல பேச்சுக்குப் பாயோ பணமோ வைப்பதுதான் ஊர் வழக்கம். இந்த ஊரிலும் முறை தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். முறைப்படி அவள் குடும்பத்தை வாழ்த்தி நன்றி சொல்லத் தொடங்கினார். அவள் அதற்குள் அடுத்த நாணயத்தைக் கிதார்க்காரனின் தொப்பியில் போட்டுவிட்டு, கிழங்கு விலை கேட்கப் போய்விட்டாள்.

வாழ்த்து பாதியில் நின்றது. கிதார்க்காரன் மட்டும் தொழில்முறை மரியாதையோடு வாசிப்பை நிறுத்திக் காத்திருந்தான்.

பிலெமோனி குனிந்து நாணயத்தை எடுத்து அவர் கையில் வைத்தான். செருப்பைக் காலருகே நகர்த்தினான். அவன் கண்கள் சிவந்திருந்தன. தூக்கமில்லாததாலா என்று தெரியவில்லை.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். நான் வரலப்பா. பசங்க இங்க இருக்காங்க. அவங்களுக்கு நம்ம பேச்சே வராது. பட்டத்த சித்தப்பா மகனுக்குக் குடுத்துடுங்க."

"அவன் பிரிஸ்பேன்ல இருக்கான்."

"அவன் தம்பி?"

"அவனும் அங்கதான்."

அதற்குமேல் கேட்க ஆளில்லை. மருத்துவர் சொன்னது தொண்டைவரை வந்தது. பாலெபோய் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பன்னு ஆறிடும்," என்று ஒன்றை நீட்டினான் மகன். "நடந்துகிட்டே சாப்பிடுங்கப்பா. வண்டிய எடுக்கணும், கடையெல்லாம் கட்டப்போறாங்க."

சந்தை கலைந்துகொண்டிருந்தது. தார்ப்பாய்களை மடித்தார்கள். பாலெபோய் ஒரு கையில் கோலும் மறு கையில் பன்னுமாக, மென்றபடி மகன் பின்னால் நடந்தார். வழியில் காலி பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு முன்னால் வந்ததும் முதுகை நன்றாக வளைத்து, வாயிலிருந்த பன்னோடு, ஒவ்வொன்றிடமும் "துலோ, துலோ" என்று சொல்லிக்கொண்டே கடந்தார்.