ஒரு டம்ளர் வல்லாரைச் சாறு

மாடம்மாளுக்கு எலி என்றால் அருவருப்பு கிடையாது. நகரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் எலிக்கூண்டு கழுவித்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. அங்கேதான் அந்த அதிசயத்தைப் பார்த்தாள். பூச்சிமருந்து கொடுத்த எலிகள் உருளுகிற கம்பியில் ஏற்றிவிட்டதும் பொத்துப் பொத்தென்று விழுந்தன. வல்லாரைச் சாறும் கொடுத்திருந்த எலிகளோ ராஜா மாதிரி நடந்தன.

அவளுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டில் புருஷன் வன்னியராஜ் இருக்கிறான். போனக்காட்டு மலைத் தேயிலைத் தோட்டத்தில் பாதி வயசு, மலையிறங்கி வந்து வாழைத்தோட்டங்களில் மீதி வயசு என்று முதுகில் டப்பாவைக் கட்டி மருந்தடித்தவன். இப்போது கை நடுங்குகிறது. சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்கிறான். மூளை நரம்பு கெட்டுவிட்டது, இனி இவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அவர்கள் கிடக்கிறார்கள் என்று மாடம்மாள் சாலைக் கடைத்தெருவில் வல்லாரை வாங்கி, தினமும் காலையில் அரைத்துப் பிழிந்து ஒரு டம்ளர் கொடுத்தாள். முகத்தைச் சுளித்தாலும் மனுஷன் குடித்துவிடுவான்.

ஓணம் போய் சபரிமலை சீசனும் வந்துவிட்டது. நடுக்கம் போகவில்லை. ஒருநாள் அவளையே பார்த்து, "நீங்க யாரு, யாரப் பாக்க வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

மறுநாள் ஆராய்ச்சி செய்கிற ஆஷாவிடம் விஷயத்தைச் சொன்னாள். வலியசாலை அக்ரகாரத்துப் பெண், தமிழ் பேசும், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடும். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அந்த எலிகளுக்கு முதல்ல சாறு குடுத்துட்டு, அப்புறம்தான் விஷம் குடுத்தோம், அக்கா. ஏற்கெனவே கெட்டுப்போனதுக்கும் குடுத்துப் பாத்தோம், ஒண்ணும் ஆகலை. அதுவும் எலிக்குத்தான். மனுஷாளுக்கு எப்படின்னு எங்களுக்கே தெரியாது."

மாடம்மாள் மிச்சக் கூண்டுகளையும் கழுவினாள்.

வீட்டுக்கு வந்தால், மகன் மகாராஜா ஏக சந்தோஷத்தில் இருந்தான். ஓட்டல் வேலை போய் மாதக்கணக்காகச் சும்மா இருந்தவனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். நாளை முதல் நெடுமங்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்தில் மருந்தடிக்க வேண்டும். போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லிவிட்டு அடுப்பில் எதை வைப்பது?

காலையில் வழக்கம்போல வல்லாரையை அரைத்துப் பிழிந்தாள். இருந்த கீரைக்கு ஒரு டம்ளர்தான் தேறியது. வன்னியராஜ் நடுங்கும் கையை நீட்டினான். பெண்டாட்டியை மறந்தவனுக்கு இது மட்டும் மறக்கவில்லை.

"உங்களுக்கு இல்ல," என்றாள்.

எலிக்குத்தான் என்று ஆஷா சொன்னது காதிலேயே நின்றது. இருந்தும் டம்ளரை மகன் கையில் கொடுத்தாள்.

"குடிச்சிட்டுப் போ, மக்களே."

வன்னியராஜ் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.